வெள்ளை அடித்த டப்பா

"சார், அவனை எத்தனை நாள்ல உள்ள தள்ளுவீங்க?" என்று ஏகநாதன் கேட்டார். கேட்டது அசரியாவிடம்.

சாராள் பல்லைக் கடித்துக்கொண்டாள். காலையிலிருந்து இது நான்காவது கேள்வி. மேற்கு தாம்பரத்தில் சைக்கிள் கடை மாடியில் தொங்கும் துப்பறியும் நிறுவனப் போர்டில் அவள் பெயர்தான் இருந்தது. ஏகநாதன் அதே மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்து அவளைத்தான் அமர்த்தினார். ஆனாலும் வாயைத் திறந்தால் பேச்சு நேராக அசரியாவிடம்தான் போனது. அவன் மீசை வைத்திருந்தான் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் அவளுக்குத் தெரியவில்லை.

"என்னை இன்னாத்துக்கு சார் கேக்குறீங்க? நான் ஸ்கூட்டர் ஓட்றவன். மூளை அங்க கீது" என்று அசரியா கட்டைவிரலால் அவளைக் காட்டினான். "நமக்குப் பெட்ரோல் போடுற வேலை மட்டும்தான்."

அவர்கள் நின்றிருந்தது செம்பாக்கம் ஏரிக்குக் கீழே, போன தலைமுறை வரை நெல் விளைந்த நிலத்தில். ஏகநாதன் அதில் இரண்டு குட்டைகள் வெட்டி, கட்லாவும் ரோகுவும் வளர்த்தார். முந்தாநாள் காலை கிழக்குக் குட்டை முழுவதும் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. எதிர்த்துப் பேசியதற்காக மூன்று வாரத்துக்கு முன் வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட சவுரிமுத்து, அன்று விடிவதற்குள் பண்ணை கேட்டிலிருந்து வெளியே போனதைப் பால்காரர் பார்த்திருக்கிறார். கரைமேல் மண்டை ஓடு படம் போட்ட பூச்சிமருந்து டப்பா ஒன்று கிடந்தது. போலீஸ் டப்பாவையும் சவுரிமுத்துவையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டு போய்விட்டது.

"கேஸ் ஜோடிக்க ஒரு நல்ல சாட்சி பிடிச்சுக் குடுங்க. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டது" என்றார் ஏகநாதன்.

"ஜோடிக்கிறதுக்கா, கண்டுபிடிக்கிறதுக்கா?" என்று சாராள் கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

சாராள் கரையில் இறங்கினாள். ஐந்து நாளாகச் சூரியனே தலைகாட்டவில்லை. மழையும் பெய்யவில்லை. வானம் ஈரச்சாக்கைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் அரைத்த கொத்தமல்லித் துவையல் நிறத்தில் இருந்தது. அவள் காலடிச் சத்தம் கேட்டு ஒரு தவளை தொபுக்கென்று குதித்தது. இன்னொன்றும் குதித்தது.

"இதுங்க எப்போ வந்துதுங்க?" என்று திரும்பிக் கேட்டாள்.

"எப்பவும் கத்திக்கிட்டேதான் இருக்கும், தூங்க விடாது" என்றான் அரிகிருஷ்ணன். ஏகநாதனின் தங்கை மகன், முப்பது வயது, மோட்டார் ரூமிலேயே தங்கிப் பண்ணையைப் பார்த்துக்கொள்பவன். புத்தகம் படித்து மீன் வளர்ப்பதாக அவனுக்கு ஊரில் பெயர்.

"முந்தாநாளும் கத்துச்சா?"

"கத்துச்சு."

செத்த மீன்களைக் கொட்டிய குழி வேலியோரம் இருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். எல்லாம் முழங்கை நீள மீன்கள். எல்லாவற்றுக்கும் வாய் பிளந்திருந்தது. குட்டையில் விரல் நீளக் குஞ்சுகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. குழி ஓரத்தில் கொழுத்த பூனை ஒன்று சாவகாசமாக வாயை நக்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, அந்தப் பூனை ரெண்டு நாளா விஷ மீனைத் துன்னுட்டு கல்யாண வூட்டு மாப்பிள்ளை மாதிரி குந்திகினு கீது" என்றான் அசரியா.

"அதைத்தான் நானும் பார்க்கிறேன்." அவள் ஏகநாதனிடம் வந்தாள். "மருந்து கலந்திருந்தா சின்ன மீன் மொதல்ல செத்திருக்கணும். இங்க பெருசு செத்துப் போச்சு, சிறுசு பொழைச்சிருக்கு. தவளை பொழைச்சிருக்கு. பூனை பொழைச்சிருக்கு. இது என்ன ஆளைப் பார்த்து, வயசைப் பார்த்துக் கொல்ற மருந்து?"

ஏகநாதன் அசரியாவைப் பார்த்தார். அசரியா வானத்தைப் பார்த்தான்.

"மருந்து அடித்தண்ணில நின்னிருக்கும் மேடம்" என்றான் அரிகிருஷ்ணன். "உங்களுக்கு மீன் விஷயம் தெரியாது. நான் காலைல ஆறு மணிக்கு எழுந்து பார்க்கிறப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு. டப்பா கிடந்தது. அவனுக்குக் கோவம் இருந்தது. இன்னும் என்ன வேணும்?"

தீனிக் கொட்டகை வாசலில் ஒரு பெண் புண்ணாக்கை உடைத்துக்கொண்டிருந்தாள். ஞானம்மாள், சவுரிமுத்துவின் மனைவி; இடுப்பில் பண்ணைச் சாவிக்கொத்து. புருஷன் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்க, அவனை அனுப்பியவர் பண்ணையிலேயே அவள் வேலைக்கு வந்திருந்தாள். சாராள் அருகே போய்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுமா" என்றாள் ஞானம்மாள், தலையைத் தூக்காமலேயே.

காவல் நிலையத்தில் நிலைமை இன்னும் மோசம். ஏட்டையா முதலில் அசரியாவுக்கு நாற்காலி போட்டார். அவன் அதைச் சாராளுக்குத் தள்ளிவிட்டு, "நான் நின்னுகினே வளர்ந்தவன் ஏட்டையா" என்றான்.

மூலையில் சவுரிமுத்து குந்தியிருந்தான். ஐம்பது வயது இருக்கும். தண்ணீரிலேயே நின்று ஊறிய கால்கள். நகங்கள் மஞ்சளடித்துப் போயிருந்தன.

"நீ மருந்து கலக்கலைன்னு நான் நினைக்கிறேன்" என்றாள் சாராள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான், பிறகு குனிந்துகொண்டான்.

"அன்னிக்கு விடியறதுக்குள்ள அங்க எதுக்குப் போன?"

அவன் மஞ்சளடித்த நகத்தைச் சுரண்டினான்.

"வேலை போன இடம். கேட்டு பூட்டியிருக்கும். எப்படி உள்ள போன?"

"எகிறிக் குதிச்சேன்" என்றான். அவ்வளவுதான். அதற்குமேல் அரைமணி நேரம் கேட்டும் ஒரு வார்த்தை பெயரவில்லை. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரைக் காப்பாற்ற நினைக்கிறாளோ அவனே வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது?

"அந்த டப்பாவையாவது காட்டுங்க" என்றாள்.

"அதெல்லாம் தொடக்கூடாதும்மா. விஷம். முழு டப்பா, கனமா இருக்கு. அரக்கு வெச்சு மூடியிருக்கான் பாருங்க, எவ்வளவு விவரமான ஆளு" என்று சொல்லி, ஏட்டையா மேஜைக்கடியிலிருந்து பழுப்புக் காகிதப் பொட்டலம் ஒன்றை ஒரு கையால் எட்டத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார்.

"மூடியிருக்கா? முழுசா இருக்கா?"

"ஆமா."

"அப்ப குட்டையில கலந்தது எது?"

ஏட்டையா யோசித்தார். "இன்னொரு டப்பா இருந்திருக்கும்" என்றார்.

சாராளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண் பொட்டலத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றில் நின்றுவிட்டது. நைலான் கயிறு. அதில் வரிசையாக முடிச்சுகள். ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சுக்கு ஒரே தூரம்.

"இந்தக் கயிறு உங்களுதா?"

"டப்பாவுலயே கட்டியிருந்தது. சும்மா போவுதேன்னு அறுத்துப் பார்சலுக்குக் கட்டிட்டேன்."

அவள் கையை விரித்து, கட்டைவிரலை ஒரு முடிச்சின்மேல் வைத்தாள். சுண்டுவிரல் அடுத்த முடிச்சுக்குக் கொஞ்சம் எட்டவில்லை. மூலையைத் திரும்பிப் பார்த்தாள். சவுரிமுத்துவின் கை அவள் கையைவிடப் பெரியது.

"சாண் கணக்கு" என்று முணுமுணுத்தாள்.

"பொட்டலத்தைப் பிரிக்கணும்னா இன்ஸ்பெக்டர் வரணும். அவரு பந்தோபஸ்துக்குப் போயிருக்காரு" என்றார் ஏட்டையா.

"எப்போ வருவாரு?"

"வரும்போது வருவாரு."

வெளியே வந்து ஸ்கூட்டரை உதைத்தார்கள். அது ஆறாவது உதைக்குத்தான் உயிர்பெற்றது.

"சொல்லுங்க அக்கா, அடுத்து யார் கதவுல போய் முட்டிக்கலாம்?" என்றான் அசரியா.

"ஞானம்மா வீட்டு வாசல்ல."

"அந்தம்மா வாயில இருக்கிற பூட்டு பாங்க் லாக்கருக்குப் போடுற பூட்டு."

"அவ புருஷன் எகிறிக் குதிச்சேன்னு சொல்றான். அந்த கேட்டு ஆள் உயரத்துக்கு மேல, மேல எல்லாம் கண்ணாடித் துண்டு. அவன் கையில, காலில ஒரு கீறல் இல்லை. பார்த்தியா?"

அசரியா விசிலடித்தான்.

ஞானம்மாள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். மாதா கோயில் பின்னால் ஒற்றை அறை. இவர்களைப் பார்த்ததும் கதவைச் சாத்தப் போனாள். சாராள் கதவைப் பிடிக்கவில்லை; வெளியே நின்றபடியே பேசினாள்.

"நீ கேட்டைத் தொறந்துவிட்டதைச் சொன்னா உன் வேலையும் போயிடும்னு அவர் பொய் சொல்லிக்கிட்டு உட்கார்ந்திருக்கார். நீ பேசாம இருந்தா அவர் ஜெயிலுக்கே போயிடுவார். ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் காப்பாத்திக்கிட்டே மூழ்கிப் போறீங்க. நான் கேக்குறது ஒண்ணுதான். அந்தக் கயித்துல எதுக்கு முடிச்சு?"

கதவு பாதியில் நின்றது. உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு கதவு திறந்தது.

"நாந்தாம்மா தொறந்து வுட்டேன்" என்றாள் ஞானம்மாள். "மீனு சரியாவே துன்றதில்லமா. போட்ட தீனி அப்படியே மெதக்குது. நான் பாத்துட்டு வந்து இவருகிட்ட சொல்லுவேன். இவுரு ராவெல்லாம் பொரண்டு பொரண்டு படுப்பாரு. ஒருவாட்டி பாத்துட்டு வந்துடறேன், கேட்டத் தொறந்து வுடுன்னாரு. தெனமும் விடிகாலைல போயி பாத்துட்டு வந்துடுவாரு. அதான்மா நாங்க பண்ண தப்பு."

சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. கிழித்த தாள்களை எறியாமல் ஆணியில் குத்தி வைத்திருந்தார்கள். அவள் அந்தக் கட்டை உருவிக் கொடுத்தாள். தாள்களின் முதுகில் பென்சில் எழுத்து. வேலையில் இருந்த காலத்தில்: 'ரெண்டு சாண். நல்லா துன்னுது.' வேலை போன பிறகு: 'ஒரு சாண். தீனி மிச்சம். ஓரமா ஒதுங்குது.' கடைசியாக, முந்தாநாள் தாளில்: 'அரை சாண். எல்லாம் மேல வந்துடுச்சி.'

சாராள் அந்தக் கடைசித் தாளை இரண்டு முறை படித்தாள். காலையிலிருந்து அவள் பேசிய மனிதர்கள் அத்தனை பேரும் மீனை எடைபோட்டுப் பேசினார்கள், செத்த மீனுக்குக் கணக்குச் சொன்னார்கள். மீன் எப்படி இருக்கிறது என்று தினமும் போய்ப் பார்த்த ஒரே ஆள் லாக்கப் மூலையில் குந்தியிருந்தான்.

மறுபடி காவல் நிலையம். இன்ஸ்பெக்டர் இன்னும் வரவில்லை. ஏட்டையா இன்னும் முடியாது என்றார். சாராள் மேஜைக்கடியில் குனிந்து பொட்டலத்தைத் தானே எடுத்து, காகிதத்தைக் கிழித்தாள்.

"யம்மா! செத்துப்போவீங்க!" என்று ஏட்டையா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

டப்பாவின் மூடியில் வெள்ளைச் சுண்ணாம்பு தடவியிருந்தது. விளிம்பில் அரக்கு. பேனாக்கத்தியால் அரக்கைச் சுரண்டி மூடியை நெம்பி எடுத்து, டப்பாவை அப்படியே ரெஜிஸ்தர் மேல் கவிழ்த்தாள்.

மணல். ஏரி மணல். மேஜை முழுவதும் கொட்டியது.

"ஏட்டையா" என்றான் அசரியா பவ்வியமாக, "மணல் கடத்துன கேஸா இது? செக்சனை மாத்தி எழுதணும்ல?"

சாராள் சவுரிமுத்துவின் முன்னால் போய் உட்கார்ந்தாள். காலண்டர் தாள்களை அவன் கையில் வைத்தாள். "ஞானம்மா எல்லாம் சொல்லிட்டா. இனிமே வாயைத் தொறக்கலாம்."

அவன் அந்தத் தாள்களைத் தடவிப் பார்த்தான்.

"முன்னாடி ஒரு மீன் பண்ணைல பத்து வருசம் கூலி வேலை பாத்தேம்மா" என்றான். "அங்க இருந்த ஆபீசர் வெள்ளைத் தட்டு ஒண்ணு தண்ணில வுட்டுப் பாப்பாரு. எத்தினி ஆழத்துல தட்டு மறையுதுன்னு கணக்கு. நம்மகிட்ட தட்டு ஏது? குப்பைல கெடந்த டப்பாவ எடுத்து, முங்குறதுக்கு மணலப் போட்டு, சுண்ணாம்பு அடிச்சேன். ரெண்டு சாண் ஆழத்துல தெரிஞ்சா நல்ல தண்ணி. அரை சாண்லயே மறைஞ்சா பாசி மண்டிப்போச்சுன்னு அர்த்தம். வெயில் அடிச்சா அந்தப் பாசி தண்ணிக்குக் காத்து குடுக்கும்மா. ராவுல அதுவே காத்த இஸ்துக்கும். அஞ்சு நாளா வெயிலே இல்ல. ரெண்டாயிரம் மீனு வுடற குட்டைல ஏழாயிரம் வுட்டாங்க. கோழி எருவ வேற கொட்டுறாங்க. வேணாம், மூச்சு முட்டுதுன்னு சொன்னேன். அதுக்குத்தான் வேலைய வுட்டு நிறுத்துனாங்க. அன்னிக்கு நான் போறப்ப எல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதுங்க. பெருசுக்குத்தான் காத்து ஜாஸ்தி வேணும். அதான் மொதல்ல போச்சு."

"அதைப் பார்த்துட்டு என்ன பண்ணின?"

அவன் தாள்களை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தான். பிறகு சட்டென்று, "மேற்குக் குட்டை எப்படி கீதும்மா?" என்று கேட்டான்.

புகார் கொடுத்தவர் வந்து வாபஸ் வாங்கினால்தான் விடமுடியும் என்று ஏட்டையா பிடிவாதம் பிடித்தார். அவர் வராவிட்டால் நாம் போவோம் என்றாள் சாராள். கடைசியில் ஏட்டையா, சவுரிமுத்து, காலி டப்பா மூவரும் ஒரு ஆட்டோவில் ஏறினார்கள். ஸ்கூட்டர் பின்னால் இருமிக்கொண்டே போனது.

பண்ணைக்குப் போனபோது மணி ஐந்து. சாராள் டப்பாவையும் தாள்களையும் ஏகநாதன் முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னாள். அவர் இந்த முறை அவள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். அது பாதி கேட்பதற்குள் அரிகிருஷ்ணன் குறுக்கே வந்தான்.

"மாமா, கூலிக்காரன் டப்பாவை விட்டுப் பார்த்தானாம், இவங்க அதை நம்புறாங்களாம். அப்படி அக்கறை இருக்கிறவன் எதுக்குத் திருட்டுத்தனமா வரணும்? சொல்லிட்டுப் போறது."

"சொன்னேனே" என்றான் சவுரிமுத்து மெதுவாக.

"என்னடா சொன்ன? நாலரை மணிக்கு வந்து மோட்டாரைப் போடுன்னு கதவை இடிச்சா எவன்டா எழுந்திருப்பான்? நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே அது காதில் விழுந்தது போலிருந்தது.

"காலைல ஆறு மணிக்குத்தான் எழுந்தேன்னு சொன்னீங்க" என்றாள் சாராள்.

ஏகநாதன் தங்கை மகனைப் பார்த்தார். "அரி. அவன் வந்து உன்னை எழுப்பினானா?"

அரிகிருஷ்ணன் பைக் சாவியை விரலில் சுழற்றினான். சாராள் ஏட்டையாவைப் பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "கதவைத் தொறக்காததுக்கு எந்த செக்சன்லயும் கேஸ் கெடையாதும்மா" என்றார். அது அவளுக்கும் தெரியும். பத்து வருடம் வக்கீல் ஆபீசில் குப்பை கொட்டியவள் அவள். தெரிந்ததனாலேயே வயிற்றெரிச்சல் இன்னும் கூடியது.

அதற்குள் சவுரிமுத்து அங்கே இல்லை. மேற்குக் குட்டைக் கரையிலிருந்து அவன் குரல் கேட்டது. "வந்துடுச்சிங்கம்மா! மேல வந்துடுச்சி!"

எல்லோரும் ஓடினார்கள். பச்சைத் தண்ணீர் முழுவதும் வட்ட வட்டமாக வாய்கள், ஆயிரக்கணக்கில், திறந்து மூடிக்கொண்டிருந்தன. மெல்லிய சப்புக்கொட்டும் சத்தம் கரை முழுவதும் கேட்டது. அதுவரை சாராளுக்கு அது வெறும் கேஸ்.

"சாயங்காலமே மேல வந்துட்டா ராவு தாங்காது. மோட்டாரப் போடுங்க" என்றான் சவுரிமுத்து.

ஞானம்மாள் மோட்டார் ரூமுக்கு ஓடினாள். சுவிட்சைத் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்டது. "கரண்டு இல்ல!" என்று கத்தினாள்.

"சரியான பேஜாரு" என்றான் அசரியா. இந்த முறை அதில் கிண்டல் இல்லை.

சவுரிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டான். இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒரு தென்னை மட்டையால் ஓங்கி ஓங்கி அடித்தான். "அடிக்கணும்! தண்ணி தெறிக்கணும்! தெறிச்சாத்தான் காத்து உள்ள போவும்!"

ஞானம்மாள் புண்ணாக்குக் கூடையோடு இறங்கினாள். அசரியா செருப்பை உதறிவிட்டு, "என் பேண்ட்டு தவணைல எடுத்தது சாமி" என்று முனகிக்கொண்டே குதித்தான். சாராள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். சேறு முழங்கால்வரை உள்ளே இழுத்தது. ஒரு பலகையை எடுத்து அடித்தாள். ஏகநாதனுக்காக ஒரு அடி, ஏட்டையா போட்ட நாற்காலிக்காக ஒரு அடி, எழுந்திருக்காத அரிகிருஷ்ணனுக்காக நாலு அடி. மீன்கள் காலில் மோதின. ஓட வேண்டியவை, ஓடத் தெம்பில்லாமல் அவள் தொடையில் சாய்ந்து நின்றன.

பின்னால் பெரிதாகத் தண்ணீர் தெறித்தது. திரும்பிப் பார்த்தாள். ஏகநாதன் சட்டையோடு இறங்கியிருந்தார். கையில் ஒன்றும் இல்லை. வெறும் உள்ளங்கைகளால் அறைந்துகொண்டிருந்தார். "அரி! இறங்குடா!" என்று கத்தினார். கரையில் ஏட்டையா மட்டும் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

ஆறேமுக்காலுக்குக் கரண்ட் வந்தது. மோட்டார் உறுமி, பைப்பிலிருந்து தண்ணீர் பாய்ந்தது. சவுரிமுத்து பைப் வாயில் ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்தான். தண்ணீர் அதில் மோதி மழைபோலச் சிதறியது. மீன்கள் அந்தப் பக்கம் திரண்டன. கொஞ்சம் கொஞ்சமாக வாய்கள் குறைந்தன. ஓரத்தில் நூறு நூற்றைம்பது வெள்ளை வயிறுகள் மிதந்தன. மற்றவை கீழே இறங்கிவிட்டன.

கைகள் மரத்துப்போய்க் கரையில் உட்கார்ந்தாள் சாராள். அரிகிருஷ்ணனின் மோட்டார் பைக் நின்ற இடம் காலியாக இருந்தது. நாளைக்கு அவன் வேறு எங்கேயாவது போய், வேறு யாருக்காவது மீன் வளர்க்கக் கற்றுக்கொடுப்பான். அவனைத் தடுக்க அவளிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

ஏகநாதன் சொட்டச் சொட்டச் சவுரிமுத்துவின் எதிரில் போய் நின்றார்.

"நாளைலேர்ந்து வேலைக்கு வந்துடு, சவுரி" என்றார் ஒருவழியாக.

சவுரிமுத்து அவரைப் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேலையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் சார்" என்றான். "நாளைக்குத் தீனி போடாதீங்க. எருவும் போடாதீங்க. வலைக்காரங்களக் கூப்ட்டு பாதி மீன வெளிய எடுத்துடுங்க."

"பாதியா?" என்று ஏகநாதன் அதிர்ந்தார். "அது இன்னும் கால் கிலோகூட வரலையே—"

சவுரிமுத்து இப்போதுதான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான். அவர் பேச்சு பாதியில் நின்றது.

"பாதி" என்றார் ஏகநாதன். சட்டையின் நுனியைப் பிழிந்துகொண்டே, வலைக்காரர் வீடு எங்கே இருக்கிறது என்று அவனிடம் கேட்டார்.